கட்டைவிரலுக்கு என்ன விலை?

(தண்டையார்பேட்டையில் நடந்த பட்டிமன்றத்தில், “வேலையில் அடிபட்ட தொழிலாளியின் குடும்பத்தைக் கரைசேர்ப்பது பெரிதும் மனித மனமா? சட்டமா?” என்ற தலைப்பில், ‘சட்டமே’ என்ற அணியில் பேசியது.)



தண்டையார்பேட்டைக்கு வந்து தமிழ் பேசுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். இந்த ஊரின் பெயரே ஒரு தமிழ்ப் புலவரால் வந்தது என்று சொல்வார்கள். தொண்டிக்குப் பக்கத்திலே குணங்குடியிலே பிறந்து, வடசென்னைக்கு வந்து, இங்கேயே அடங்கியவர் குணங்குடி மஸ்தான் சாகிபு. தொண்டியார் இருந்த பேட்டை தொண்டியார்பேட்டை. நம்ம ஆட்கள் வாயிலே விழுந்து அது தண்டையார்பேட்டை ஆகிவிட்டது. (சிரிப்பு) அந்தத் துறவி இருந்த இடத்தைச் சுற்றி இன்றைக்கு எண்ணெய்க் கிடங்கு, கன்டெய்னர் யார்டு, மீன்பிடித் துறைமுகம். அவர் உடம்பை வருத்தி ஞானம் தேடினார். இந்த ஊர் ஜனங்கள் உடம்பை வருத்திச் சம்பளம் தேடுகிறார்கள்.

எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். “தமிழ்ப் பேராசிரியருக்குச் சட்டத்திலே என்ன வேலை? போய் இலக்கணம் நடத்த வேண்டியதுதானே?” என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். ஐயா, 1918 ஏப்ரல் 27-ம் தேதி, இங்கிருந்து ஒரு பஸ் ஏறினால் வந்துவிடுகிற பெரம்பூரிலே, சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. முறையாக அமைந்த இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். தலைவர் பி.பி. வாடியா. அவருக்குத் தோள்கொடுத்து நின்றவர் திரு.வி.க. திரு.வி.க. யார்? இராயப்பேட்டை வெஸ்லியிலே தமிழ் சொல்லிக்கொடுத்தவர். பின்னி மில் தொழிலாளிக்காகப் பேச வந்த முதல் வரிசையிலேயே ஒரு தமிழ் வாத்தியார் நின்றார் ஐயா! (கைதட்டல்) நான் அவர் போன வழியிலே கடைசி பெஞ்சு. அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். எதிரணியிலே பேசிய அம்மையார் நம்மை எல்லாம் அழவைத்துவிட்டார்கள். அடிபட்ட தொழிலாளி வீட்டுக்கு முதலாளியே காரிலே வந்து இறங்கினார், பாயிலே உட்கார்ந்தார், கவரிலே பணம் வைத்துக் கொடுத்தார், கண் கலங்கினார் என்றார்கள். கூட வேலை பார்த்தவர்கள் துண்டை விரித்து வசூல் பண்ணினார்கள் என்றார்கள். உண்மை. நான் மறுக்கவில்லை. இந்த வடசென்னையிலே அந்த ஈரம் உண்டு. ஆனால் அம்மா, அந்தத் துண்டு எத்தனை நாளைக்கு விரியும்? முதல் மாதம் விரியும். காரியம் முடிகிற வரைக்கும் விரியும். பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்டுகிற ஜூன் மாதத்திலே அந்தத் துண்டு எங்கே இருக்கும்? துண்டுக்குச் சொந்தக்காரன் வீட்டிலேயும் ஜூன் மாதம் வருமே! (கைதட்டல்)

முதலாளி மனசு நல்ல மனசாகவே இருக்கட்டும். அவர் மனசு நன்றாக இருந்தால் குடும்பம் பிழைக்கும். அன்றைக்கு அவருக்குத் தலைவலி என்றால் குடும்பம் பட்டினி. இது என்ன நியாயம்?

மனுநீதிச் சோழன் கதை தெரியும் உங்களுக்கு. திருவாரூர்த் தெருவிலே இளவரசன் தேர் ஏறிக் கன்று செத்துப்போயிற்று. பசு வந்து மணி அடித்தது. அமைச்சர்கள் என்ன சொன்னார்கள்? சாஸ்திரப்படி ஒரு பிராயச்சித்தம் பண்ணிவிடலாம் என்றார்கள். அதாவது ஒரு சடங்கு, நம் மனத்திருப்திக்கு. ராஜா ஒத்துக்கொள்ளவில்லை. கன்றை இழந்தது பசு, கணக்கு அந்தப் பசுவுக்கல்லவா தீர வேண்டும் என்றுதானே அவன் நினைத்தான்! அவன் செய்த தண்டனையை நான் இங்கே சிபாரிசு பண்ணவில்லை. தேருக்குக் கீழே யாரையும் போட வேண்டாம். (சிரிப்பு) அமைச்சர் சொன்னதற்கும் அரசன் சொன்னதற்கும் இருக்கிற வித்தியாசத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

அந்த வித்தியாசம் தமிழ்ச் சொல்லிலேயே இருக்கிறது. பத்திரிகையிலே இரண்டு வார்த்தை போடுவார்கள். ஒன்று நிவாரணம். இன்னொன்று இழப்பீடு. இரண்டும் ஒன்று என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நிவாரணம் என்றால் துயரத்தை ஆற்றுவது, கொடுப்பவர் விருப்பம். இழப்பீடு என்றால் இழப்புக்கு ஈடு. அடகுக் கடைக்குப் போகிறீர்கள், வளையலை ஈடாக வைக்கிறீர்கள். சேட்டு உங்கள் மூஞ்சியைப் பார்த்து இரக்கப்பட்டா பணம் தருகிறார்? எடை போடுகிறார், கணக்குப் போடுகிறார், தருகிறார். ஈடு என்றால் கணக்கு. அந்தக் கணக்கைத்தான் சட்டம் போடுகிறது.

2025 செப்டம்பர் 30. எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்திலே உயரத்திலே போட்டிருந்த சாரம் சரிந்து ஒன்பது பேர் உயிர் போயிற்று. பெரும்பாலும் அசாமிலிருந்து வந்த பிள்ளைகள். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். முதலமைச்சர் குடும்பத்துக்கு 10 லட்சம் அறிவித்தார். பிரதமர் 2 லட்சம் அறிவித்தார். நல்ல காரியம்; வேண்டாம் என்று யார் சொல்வார்? ஆனால் அது நிவாரணம். இழப்பீடு என்பது அதற்கு மேலே தனியாக, வேலை வாங்கியவர் கொடுக்க வேண்டிய கடன். இதை அசாமிலே இருக்கிற அந்த அம்மாவுக்கு யாராவது சொன்னார்களா என்பதுதான் என் கவலை. “அவ்வளவு தூரத்திலே இருந்து சென்னைக்கு எப்படி வந்து கேஸ் போடுவாள்?” என்று நீங்கள் கேட்பீர்கள். 1995-லேயே திருத்தம் கொண்டுவந்துவிட்டார்கள். மனு போடுகிறவர் தான் குடியிருக்கிற ஊரிலேயே போடலாம் என்று. இரக்கம் ரயில் ஏறி அசாமுக்குப் போகாது ஐயா. சட்டம் போகும். (கைதட்டல்)

இந்தச் சட்டம் ஒன்றும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1837-லே இங்கிலாந்திலே ஒரு வழக்கு. ஒரு கசாப்புக் கடைப் பையன். முதலாளி வண்டியிலே அளவுக்கு மீறிக் கறியை ஏற்றி அனுப்பினார். வண்டி உடைந்து பையனுக்குத் தொடை எலும்பு முறிந்தது. ஜூரிகள் 100 பவுன் கொடுக்கச் சொன்னார்கள். மேல்கோர்ட்டிலே ரத்து! “வண்டியிலே பாரம் அதிகம் என்று முதலாளியைப் போலவே பையனுக்கும் தெரிந்திருக்குமே, இதற்கெல்லாம் எஜமான் பொறுப்பு என்றால், நாளைக்கு வேலைக்காரன் ஈரப் படுக்கையிலே படுத்தாலும் எஜமான்தான் பொறுப்பு என்பார்களே” என்கிற ரீதியிலே போனது தீர்ப்பு. பாரம் ஏற்றியது ஒருத்தர், கால் ஒடிந்தது ஒருத்தர், புத்திமதி மட்டும் ஒடிந்தவனுக்கு! அந்த மனிதர்களுக்கும் மனம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனவர்கள்தான். 1884-லே ஜெர்மனியிலேயும், 1897-லே இங்கிலாந்திலேயும் சட்டம் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. “யார் மேலே தப்பு?” என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, “வேலை காரணமாக, வேலை நேரத்திலே அடிபட்டானா?” என்று ஒரே கேள்வி கேட்டது சட்டம்.

நம் நாட்டிலே 1923 மார்ச்சிலே அந்தச் சட்டம் இயற்றினார்கள். 1924 ஜூலை 1 முதல் நடைமுறை. அதே 1923-லே, மே மாதம் 1-ம் தேதி, நம்ம சென்னைக் கடற்கரையிலே சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். மீனவர் குலத்திலே பிறந்த வக்கீல் அவர். ஒரே வருஷம். டெல்லியிலே சட்டம், நம்ம மணலிலே செங்கொடி. கடற்கரையிலே பேச்சு எழும்பாமல் கச்சேரியிலே சட்டம் நிற்காது என்பதற்கு இதைவிடப் பொருத்தம் வேறு வேண்டுமா? இப்போது அந்தப் பழைய சட்டத்தை 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள்ளே சேர்த்துவிட்டார்கள். 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பெயர்ப்பலகை மாறியிருக்கிறது, கணக்கின் அஸ்திவாரம் 1923-லே போட்டதுதான்.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போமா? தாய்மார்கள் கவனியுங்கள், வீட்டுக் கணக்கு உங்கள் கையிலேதான் இருக்கிறது. வேலையிலே இறந்துபோனால் மாதச் சம்பளத்திலே பாதி; அதை வயதுக்கு ஏற்ற ஒரு எண்ணாலே பெருக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2020 ஜனவரி 3 முதல் அதை 15,000 ரூபாய் ஆக்கினார்கள். 30 வயதுப் பையனுக்கு அட்டவணை எண் 207.98. 7,500-ஐ அதாலே பெருக்கினால் 15,59,850 ரூபாய். 50 வயது என்றால் எண் 153.09, தொகை 11,48,175. வயது ஏற ஏற ஏன் குறைகிறது? இன்னும் எத்தனை வருஷம் சம்பாதித்திருப்பான் என்று சட்டம் விரல் விட்டு எண்ணுகிறது.

இதிலே ஒரு விசித்திரம் பாருங்கள். செத்துப்போனால் சம்பளத்திலே 50 சதவீதம். உயிர் பிழைத்து, இனிமேல் எந்த வேலையுமே செய்ய முடியாது என்று படுத்துவிட்டால் 60 சதவீதம். எங்கள் கல்லூரியிலே ஒரு பையன் கேட்டான், “என்ன சார், செத்தவனை விடப் பிழைத்தவனுக்கு அதிகமா?” என்று. டேய், பிழைத்தவனும் சாப்பிடணும்டா! (சிரிப்பு) அவனுக்கு மருந்து வேணும், அவனைப் புரட்டிப் படுக்கவைக்க வீட்டிலே ஒரு ஆள் வேலைக்குப் போகாமல் உட்காரணும். இதை யோசித்து எழுதியிருக்கிறானே, அந்தச் சட்டத்துக்கு மனசு இல்லை என்று எந்த வாயாலே சொல்வது?

கை போனால் எவ்வளவு, கண் போனால் எவ்வளவு என்று அட்டவணை இருக்கிறது. ஒரு கை போனால் 60 சதவீதம். ஒரு கண் போய் இன்னொரு கண் நன்றாக இருந்தால் 40. ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14. கட்டைவிரல் 30. ஒரே ஒரு விரல், 30 சதவீதம்! நான் அதைப் படித்தபோது எனக்கு ஏகலைவன் ஞாபகம் வந்தான்.

துரோணர் கேட்டார், ஏகலைவன் வெட்டிக் கொடுத்தான். அட்டவணைப்படி 30 சதவீதம். (சிரிப்பு) ஆனால் நடுவர் அவர்களே, அவன் வில்லாளி. வில்லாளிக்குக் கட்டைவிரல் போனால் போனது 30 சதவீதமா? மொத்தமும் போய்விட்டதே! “அட்டவணை அட்டவணைதான், அதற்கு ஏது மனசு?” என்று எதிரணியிலே சிரித்தார்கள். அவர்களுக்குத்தான் இந்தச் செய்தி. ஒரிசாவிலே ஒரு தச்சுத் தொழிலாளி. 1968-லே, சினிமாக் கொட்டகையிலே அலங்கார வேலை செய்யும்போது விழுந்து, இடதுகையை முழங்கைக்கு மேலே எடுக்கும்படி ஆயிற்று. முதலாளி தரப்பு, “ஒரு கைதானே போயிற்று? முழு இழப்பு இல்லை” என்று உச்சநீதிமன்றம் வரைக்கும் போனது. 1975 டிசம்பரிலே தீர்ப்பு வந்தது. தச்சு வேலையை ஒரு கையாலே செய்ய முடியாது. ஆகவே இவருக்கு நூறு சதவீத இழப்பு என்றார்கள். அதோடு விட்டார்களா? இழப்பீடு என்பது தீர்ப்பு வந்த நாளிலிருந்து வருகிற கடன் கிடையாது, விபத்து நடந்த அன்றைக்கே ஏறிய கடன் என்றார்கள். ஒரு மாதத்துக்குள் கொடுக்கவில்லை என்றால் வட்டி. சரியான காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் அபராதம். இந்தச் சட்டம் ஏகலைவன் காலத்திலே இருந்திருந்தால், துரோணர் வட்டியோடு கட்டியிருப்பார் ஐயா! (பலத்த கைதட்டல்)

கட்டைவிரல் என்று பேசிவிட்டேன், ஒரு பெண்ணைச் சொல்லாமல் போகக்கூடாது. என்னிடம் பி.ஏ. தமிழ் இரண்டாம் வருஷம் படித்தாள். கெட்டிக்காரி, யாப்பிலக்கணம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. திடீரென்று பத்து நாள் வகுப்புக்கு வரவில்லை. பதினோராம் நாள் ஒரு முத்திரைத்தாளோடு வந்தாள். “ஐயா, இதிலே என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க. எங்க அப்பா கையெழுத்துப் போட்டுட்டாரு” என்றாள். அப்பா ஒரு கன்டெய்னர் யார்டிலே வேலை. இரும்புக் கயிற்றுக்கு நடுவிலே வலதுகைக் கட்டைவிரல் மாட்டிக்கொண்டது. மேஸ்திரி ஆட்டோவிலே போட்டுக்கொண்டு போனார். கையிலே 10,000 ரூபாய் கொடுத்து, ‘இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்’ என்று எழுதி வாங்கியிருந்தார்கள்.

கையெழுத்தைப் பார்த்தேன். கோணல் மாணலாக இருந்தது. “அப்பாவுக்கு எழுதத் தெரியாதாம்மா?” என்றேன். “நல்லா எழுதுவாருய்யா. இது இடது கையிலே போட்டது” என்றாள்.

(அரங்கில் அமைதி)

அந்தக் கையெழுத்து செல்லாது. சட்டத்திலே அதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதிக்கொடுக்கிற எந்த ஒப்பந்தமும் அந்த அளவுக்குச் செல்லுபடி ஆகாது. இதை அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னபோது அவள் நம்பவில்லை. “முத்திரைத்தாள்லே எழுதியிருக்கே ஐயா” என்றாள். முத்திரைத்தாள் என்றால் நம்ம ஜனங்களுக்குச் சாமி படம் மாதிரி. ஒரு சங்கத்துக்காரரிடம் அனுப்பினேன், மனு போட்டார்கள். இரண்டரை வருஷம் ஆயிற்று. வட்டியோடு வந்தது. அதற்குள்ளே அவள் படிப்பை நிறுத்திவிட்டு ஏற்றுமதித் துணிக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டாள். யாப்பிலக்கணத்திலே எனக்கு ஒரு நல்ல மாணவி போனாள். அதற்கு எந்த அட்டவணையிலேயும் சதவீதம் இல்லை.

“பாருங்கள், இரண்டரை வருஷம்! இதுதானா உங்கள் சட்டம்?” என்று எதிரணியிலே ஒரு நண்பர் துள்ளுகிறார். உட்காருங்கள் ஐயா. தாமதம் குற்றம்தான். ஆனால் முதல் நாளே கொடுக்க வேண்டியதை 10,000-த்தோடு முடிக்கப் பார்த்தது சட்டமா, நீங்கள் புகழ்ந்த மனித மனமா? (கைதட்டல்)

சாவு நடந்த வீட்டிலே இன்னொரு கூத்து. பணம் வருகிறது என்று தெரிந்தால் போதும், பத்து வருஷமாக எட்டிப் பார்க்காத சித்தப்பா வருவார். மச்சான் வருவார். “தங்கச்சி, நீ பொம்பளை, உனக்கு என்ன தெரியும், பணத்தை என்கிட்ட குடு, பத்திரமா வச்சிருக்கேன்” என்பார். பத்திரமாக வைத்திருப்பார், அவர் பெயரிலே! (சிரிப்பு) இதையும் 1923-லேயே யோசித்திருக்கிறார்கள். இறந்தவருக்கான இழப்பீட்டை முதலாளி நேரே வீட்டிலே கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது. ஆணையரிடம் கட்ட வேண்டும். நேரே கொடுத்தால் அது இழப்பீடு கொடுத்ததாகவே ஆகாது. ஒரு சிறு முன்பணத்துக்கு மட்டும் விலக்கு. தமிழ்நாட்டிலே தொழிலாளர் துணை ஆணையர்கள் அந்த வேலையைப் பார்த்துவந்தார்கள். மனைவிக்கு எவ்வளவு, சின்னப் பிள்ளைகளுக்கு எவ்வளவு, விதவைத் தாய்க்கு எவ்வளவு என்று பிரிப்பார்கள். பிள்ளை பங்கை முதலீட்டிலே போட்டுவைக்கச் சொல்லலாம். காரிலே வந்து கவர் கொடுத்தாரே முதலாளி, அந்தக் கவர் யார் பையிலே போயிற்று என்று அம்மையார் சொல்லவே இல்லை, கவனித்தீர்களா?

ஒப்பந்தக்காரர் என்று ஒரு கேடயம் இருக்கிறது. “அவன் எங்க ஆள் இல்லை சார், கான்ட்ராக்டர் ஆள்” என்பார்கள். இதே தண்டையார்பேட்டையிலே, 2023 டிசம்பர் 27-ம் தேதி, இந்தியன் ஆயில் வளாகத்திலே ஒரு தொட்டி வெடித்து ஒரு தொழிலாளி இறந்தார். சத்தம் கேட்டு நீங்கள் தெருவுக்கு ஓடிவந்தீர்கள். அதற்கு முந்தின நாள் ராத்திரிதான் எண்ணூரிலே அமோனியா கசிந்து ஜனங்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த ஒரு விபத்தைப் பற்றி நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. பொதுவாகச் சொல்கிறேன்: தன் தொழிலைச் சேர்ந்த வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டிருந்தாலும், இழப்பீட்டுக்கு மூல நிறுவனத்தையே கேட்கலாம், அவர்கள் கொடுத்துவிட்டு ஒப்பந்தக்காரரிடம் வசூல் பண்ணிக்கொள்ளட்டும். கேட்டிலே எந்தப் பெயர்ப்பலகை தொங்குகிறதோ அந்தப் பலகை பதில் சொல்ல வேண்டும்.

“தண்ணி போட்டிருந்தான் சார், ஹெல்மெட்டைக் கழற்றிப்போட்டான் சார்” என்பது அடுத்த கேடயம். சின்னக் காயமாக இருந்து, அதுதான் நேரடிக் காரணம் என்றால் அந்த வாதம் நிற்கும். ஆள் செத்துப்போனாலோ, நிரந்தரமாக முழுதும் முடங்கிப்போனாலோ நிற்காது. 1995 திருத்தத்திலே அடைத்த கதவு அது. குடித்தது அவன், பட்டினி கிடப்பது அவன் பிள்ளை. நான் குடிக்கச் சொல்லவில்லை, தம்பி, அங்கே கைதட்டுகிற தம்பி, உங்களைத்தான் சொல்கிறேன்! (பலத்த சிரிப்பு)

இந்த எண்ணூர் நெடுஞ்சாலையிலே காலையிலே ஆறு மணிக்கு நின்று பார்த்திருக்கிறீர்களா? கன்டெய்னர் லாரிக்கும் கன்டெய்னர் லாரிக்கும் நடுவிலே டிபன் டப்பாவோடு டூவீலரிலே போகிறார்களே, வேலைக்குப் போகிற வழியிலே அடிபட்டால்? ரொம்ப நாள் இது வழுக்கு நிலம். 1958-லே சௌராஷ்டிரத்து உப்பு வழக்கு ஒன்று. வேலை முடிந்து கழியைத் தாண்டி வீட்டுக்குப் போன உப்பளத் தொழிலாளிகள் படகு கவிழ்ந்து மூழ்கினார்கள். வேலை முடிந்துவிட்டது, பொதுவழியிலே போனார்கள், இழப்பீடு இல்லை என்றார்கள். 2025 ஜூலை 29-ம் தேதி உச்சநீதிமன்றம் வேறு மாதிரி சொல்லியிருக்கிறது. மராட்டியத்திலே சர்க்கரை ஆலை இரவுக் காவலாளி ஒருவர். ராத்திரி மூன்று மணிக்கு ஷிப்டு. வழியிலே, ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் இருக்கும்போது விபத்திலே போனார். அந்த நேரத்துக்கு அந்த ரோட்டிலே அவருக்கு வேலையைத் தவிர வேறு என்ன வேலை? போகிற நேரமும் இடமும் வேலையோடு ஒட்டியிருந்தால் அதுவும் வேலை விபத்துதான் என்றது தீர்ப்பு. புதிய தொகுப்புச் சட்டத்திலேயும் இதை எழுதிவிட்டார்கள். அவர் இறந்தது 2003-லே. அந்தக் குடும்பம் 22 வருஷம் கோர்ட்டு வாசலிலே நின்றது. நின்றதாலே இன்றைக்கு எண்ணூர் ரோட்டிலே போகிறவனுக்கும் ஒரு பிடிமானம் கிடைத்தது.

இஎஸ்ஐ அட்டை இருக்கிறவர்களுக்கு வழி வேறு. அங்கே போய்த்தான் கேட்க வேண்டும். வேலைக்குப் போக முடியாத நாளுக்குச் சம்பளத்திலே 90 சதவீத அளவு கிடைக்கும், இறந்தால் குடும்பத்துக்கு மாதாமாதம் வரும். ஆனால் அட்டை உங்கள் பெயரிலே உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். சம்பளத்திலே பிடிப்பார்கள், கட்டியிருக்க மாட்டார்கள்.

கடைசியாக நோய். அடிபட்டால் ரத்தம் தெரியும். நோய்க்கு ரத்தம் தெரியாது. கல் தூள், கல்நார்த் தூள், பஞ்சுத் தூசு நுரையீரலிலே போய் உட்காரும். ஈயப் புகை ரத்தத்திலே கலக்கும். இயந்திரச் சத்தம் காதைத் தின்னும். இவையெல்லாம் சட்டத்தின் பட்டியலிலே உள்ள தொழில் நோய்கள். பஞ்சாலை நோயிலே ஒரு குணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை வீட்டிலே இருந்தால் மூச்சு நன்றாக இருக்கும். திங்கட்கிழமை மில்லுக்குள் போனதும் நெஞ்சை அடைக்கும். 1996-லே மூடிய பின்னி மில் காலத்து வீடுகளிலே கேட்டுப்பாருங்கள். “திங்கக்கிழமை ஆனா அவருக்கு ஒரு மாதிரி” என்று பாட்டிமார் சொல்வார்கள். சோம்பேறித்தனம் என்று அந்தக் காலத்திலே திட்டியிருப்பார்கள். தாய்மார்களே, ஒரே கேள்வி கேளுங்கள்: லீவு நாளிலே குறைகிறதா? குறைந்தால் டாக்டரிடம் வேலையைச் சொல்லுங்கள். “இருமல்” என்று மட்டும் சொன்னால் டானிக் தருவார். “பத்து வருஷமா வெல்டிங் வேலை டாக்டர்” என்று சொன்னால் யோசிப்பார்.

நடுவர் மணி மேலே கை வைத்துவிட்டார். ஒரு நிமிஷம் ஐயா, ஒரே நிமிஷம். அடிபட்டவரை ஸ்டான்லிக்குக் கொண்டுபோகும்போது ஆட்டோவிலே கூட ஒரு ஆள் வருவார். “வீட்டிலே வழுக்கி விழுந்தேன்னு சொல்லிடு, செலவெல்லாம் நாங்க பாத்துக்கறோம்” என்று காதிலே சொல்லுவார். வலியிலே இருக்கிறவன் தலையாட்டிவிடுவான். ஆகவே பின்னாலே ஓடிவருகிற மனைவிமார்களுக்குச் சொல்கிறேன்: எங்கே, எப்படி அடிபட்டது என்று ஆஸ்பத்திரியிலே கேட்டு விபத்துப் பதிவேட்டிலே எழுதுவார்கள். வேலை நடந்த இடத்தின் பெயரைச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நகல் வாங்கி ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள். மனுவுக்குக் கெடு உண்டு. துக்கம் ஆறட்டும் என்று வருஷக் கணக்காகத் தள்ளிப்போடாதீர்கள். இதோ மணி அடித்துவிட்டார்.